கைகளால் நிற்கும் மகளின் முழங்கை

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. 7 வயதிலிருந்து ஜிம்னாஸ்டிக்ஸ் பழகுகிறாள். ஐந்து மாதங்களாக வலது முழங்கையின் வெளிப்பக்கம் வலி. சுளுக்கு என்று நினைத்து ஊரில் எண்ணெய் போட்டு உருவிவிட்டோம். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றார்கள். இரண்டு மாதம் ஓய்வில் வலி நின்றது. பயிற்சிக்குப் போனதும் திரும்ப வந்துவிட்டது. இப்போது கையை முழுதாக நீட்ட முடியவில்லை. சில நேரம் மடக்கிய இடத்திலேயே சிக்கிக்கொள்கிறது. எம்.ஆர்.ஐ. பார்த்த டாக்டர், குருத்தெலும்போடு சேர்ந்து 12 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு துண்டு கழன்றுகொண்டிருக்கிறது, முழங்காலிலிருந்து எடுத்து அங்கே பதிக்க வேண்டும் என்கிறார். நன்றாக இருக்கும் முழங்காலை எதற்குத் தொட வேண்டும்? உறவினர் ஒருவர், ஊசி போட்டாலே குருத்தெலும்பு வளரும் என்கிறார். என் மாமியார் தினமும் ஆட்டுக்கால் சூப் கொடுக்கிறார். அவள் மறுபடி ஆட முடியுமா? சிறு வயதிலேயே கொண்டுபோய்ச் சேர்த்த நான்தான் இதற்குக் காரணமா? – ஒரு தாய், திருச்சி மாவட்டம்.

பதில்:

சகோதரிக்கு வணக்கம். சுற்றி வளைக்காமல் முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், உங்கள் டாக்டர் சொல்லும் அறுவை சிகிச்சை தேவையானதுதான். நாளைக்கே ஓட வேண்டிய அவசரம் இல்லை. ஆனால் மாவட்டப் போட்டி முடியட்டும், முழுப் பரீட்சை முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போகலாகாது. சில வாரங்களுக்குள் முடிவெடுங்கள். நான் உங்கள் மகளின் கையையும் படங்களையும் நேரில் பார்க்கவில்லை; ஆகவே கடைசிச் சொல் அவளைப் பரிசோதித்த டாக்டருடையதாகவே இருக்கட்டும். அவரிடம் தெளிவாகப் பேச உங்களுக்கு உதவுவதற்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

முழங்கையில் மூன்று எலும்புகள் சந்திக்கின்றன. சுண்டுவிரல் பக்கத்து எலும்பு, கதவின் கீல் போல மடங்கி நீள்கிறது. கட்டைவிரல் பக்கத்து எலும்பான ரேடியஸின் தலை ஒரு சிறு கிண்ணம் போலக் குழிந்திருக்கும்; மேல்கை எலும்பின் அடியில் உள்ள ஓர் உருண்டையின் மேல் அது சுழல்கிறது. நாம் சாவியைத் திருப்பும்போதும் சோற்றைப் பிசையும்போதும் அந்தக் கிண்ணம்தான் சுழல்கிறது. அந்த உருண்டையின் பெயர் கேபிடெல்லம். உங்கள் மகளின் சிக்கல் முழுவதும் அந்த ஓரிடத்தில்தான் இருக்கிறது.

கையை நீட்டி ஊன்றும்போது மணிக்கட்டிலிருந்து மேலே ஏறும் சுமையில் ஏறக்குறைய 60 சதவீதம் இந்தச் சின்ன உருண்டை வழியாகத்தான் போகிறது. உங்களுக்கும் எனக்கும் அது பெரிய விஷயமில்லை. நாம் கையில் நிற்பதில்லை. அவள் நிற்கிறாள். தலைகீழாக நின்று, கைகளால் தரையை உந்தி, மறுபடி கைகளிலேயே இறங்குகிறாள். ஒவ்வொரு முறையும் உடல் எடையைவிடக் கூடுதலான விசை அங்கே விழுகிறது. நமக்கு முழங்கால் எப்படியோ, ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளைக்கு முழங்கை அப்படி. ஆனால் முழங்காலுக்கு இருக்கிற அகலமும் தடிமனும் அதற்கு இல்லை.

இன்னொன்றும் உண்டு. வளரும் வயதில் அந்த உருண்டைக்கு ரத்தம் கொண்டுவருபவை பின்பக்கமாக நுழையும் ஓரிரண்டு மெல்லிய குழாய்கள் மட்டுமே. மேலே வளர்ச்சித் தட்டு, அதாவது எலும்பு நீள்வதற்கு இடம் தரும் குருத்தெலும்புப் படலம், குறுக்கே நிற்பதால் அந்தப் பக்கமிருந்து உதவிக்கு வேறு குழாய் வர வழியில்லை. ஆயிரக்கணக்கான தடவை நசுங்கும் இடத்தில் ரத்த ஓட்டமும் குறைவு. அதனால் குருத்தெலும்புக்கு அடியில் இருக்கும் எலும்பு முதலில் நலிகிறது. சுவரின் உள்ளே செங்கல் பொடிந்தும் மேலே பூச்சு மட்டும் நிற்பது போல, குருத்தெலும்பு சில காலம் வழுவழுப்பாகவே நிற்கும். பிறகு விரிசல் விடும். கடைசியில் எலும்புச் சில்லோடு சேர்ந்து பெயர்ந்து, மூட்டுக்குள் மிதக்கத் தொடங்கும். கை சிக்கிக்கொள்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது இந்தக் கடைசிக் கட்டத்தின் அடையாளம்.

இந்த நோயை ஆஸ்டியோகாண்ட்ரைட்டிஸ் டிசெக்கன்ஸ் என்பார்கள். 1887-இல் ஃபிரான்ஸ் கோனிக் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் வைத்த பெயர். அழற்சிதான் காரணம் என்று எண்ணி அவர் அப்படிப் பெயரிட்டார். பிற்காலத்தில் பார்த்தபோது அங்கே அழற்சி பெரிதாக இல்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. வலி மாத்திரைகளால் இந்த நோய் குணமாகாததற்கும் இதுவே காரணம். 10 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அதே உருண்டையில் வருகிற பேனர் நோய் என்று ஒன்று உண்டு. அது ஓய்விலேயே தானாகச் சரியாகும். "எங்கள் வீட்டுப் பையனுக்கும் இப்படித்தான் இருந்தது, சும்மா விட்டோம், சரியாகிவிட்டது" என்று யாராவது சொன்னால், பெரும்பாலும் அவர்கள் சொல்வது அந்த நோயை. உங்கள் மகள் அந்த வயதைக் கடந்துவிட்டாள்.

இரண்டு மாத ஓய்வில் வலி நின்றது உங்களைக் குழப்பியிருக்கும். குருத்தெலும்பில் நரம்பு கிடையாது, ரத்தக் குழாயும் கிடையாது. மூட்டு நீரில் ஊறியே அது உயிர்வாழ்கிறது. ஆகவே அது உடையும்போது வலித்துச் சொல்லவும் அதற்கு வழியில்லை, உடைந்தால் ஒட்டிக்கொள்ளவும் வழியில்லை. நாம் உணர்கிற வலி அடியிலுள்ள எலும்பிலிருந்தும் மூட்டின் உறையிலிருந்தும் வருகிறது. ஓய்வெடுத்தால் அவை அடங்குகின்றன. விரிசல் அப்படியே இருக்கிறது. அழிந்த குருத்தெலும்பு திரும்பி வருவதில்லை என்று வில்லியம் ஹண்டர் 1743-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் எடுத்துச் சொன்னார். இத்தனை ஆண்டுகளில் நாங்கள் கற்றிருப்பது அதைப் பழுதுபார்க்கவும் வேறிடத்திலிருந்து கொண்டுவந்து வைக்கவும்தான்.

எக்ஸ்ரேயில் தெரியாமல் போனதற்காக அந்த முதல் டாக்டர் மீது கோபப்படாதீர்கள். பழுது அந்த உருண்டையின் முன்-கீழ்ப் பகுதியில் இருக்கும். கையை நீட்டி வைத்து எடுக்கும் வழக்கமான படத்தில் அது ஒளிந்துகொள்ளும். முழங்கையை 45 டிகிரி மடக்கி வைத்து எடுத்தால்தான் சரியாகத் தெரியும். நான் தொழிலுக்கு வந்த புதிதில், பந்து எறிகிற ஒரு பையனின் படத்தைப் பார்த்து "எலும்பு நன்றாக இருக்கிறது" என்று அனுப்பிவைத்தேன். அடுத்த ஆண்டு அவன் வந்தபோது மூட்டுக்குள் இரண்டு சில்லுகள் மிதந்தன. வளரும் பிள்ளை விளையாட்டில் முழங்கை வலி என்று வந்து, கையை நீட்ட முடியாமல் இருந்தால், எக்ஸ்ரே என்ன சொன்னாலும் எம்.ஆர்.ஐ. எடுக்காமல் நான் விடுவதில்லை. அந்தப் பையனிடமிருந்து கற்றது அது.

இனி, அறுவை சிகிச்சை தேவை என்று ஏன் சொல்கிறேன் என்பதற்கு வருகிறேன். இந்த நோயில் முடிவைத் தீர்மானிப்பது ஒரே ஒரு விஷயம்: அந்தத் துண்டு இன்னும் தன் இடத்தில் உறுதியாக இருக்கிறதா, ஆடத் தொடங்கிவிட்டதா? உறுதியாக இருந்து, வளர்ச்சித் தட்டும் திறந்திருந்து, கையும் நன்றாக அசைந்தால், ஊன்றுவதையும் எறிவதையும் முழுமையாக நிறுத்திவிட்டு ஆறு மாதம்வரை காத்திருக்கலாம். அப்படிக் குணமாகும் பிள்ளைகள் நிறைய. வளர்ச்சித் தட்டு மூடியிருந்தாலோ, துண்டு சிதறியிருந்தாலோ, கையின் அசைவில் 20 டிகிரிக்கு மேல் குறைந்திருந்தாலோ அது ஆடிக்கொண்டிருக்கிறது என்று கொள்கிறோம். எம்.ஆர்.ஐ. படத்தில் துண்டுக்கும் அடி எலும்புக்கும் நடுவே நீர்க்கோடு தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். பெண் பிள்ளைகளுக்கு அந்த வளர்ச்சித் தட்டு 13, 14 வயதிலேயே மூடத் தொடங்கிவிடும்; ஆண் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் தாமதமாகும். ஆகவே உங்கள் மகளுக்கு இயற்கை கொடுத்த தவணை ஏறக்குறைய முடிந்துவிட்டது. கை நீளவில்லை, சிக்குகிறது, இரண்டு மாத ஓய்வும் பலிக்கவில்லை. இன்னும் காத்திருந்தால், ரேடியஸின் கிண்ணம் அந்தக் கரடுமுரடான பள்ளத்தில் உராய்ந்து தன் குருத்தெலும்பையும் இழக்கும். பிறகு இளம் வயதிலேயே மூட்டுத் தேய்மானம்தான். அந்த நிலையில் எங்களால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது.

செய்யக்கூடிய சிகிச்சை மூன்று விதம். துண்டு பெரிதாக, முழுதாக, அதன் எலும்பு நல்ல நிலையில் இருந்தால் அதையே சிறு திருகாணிகளாலோ கரையும் முளைகளாலோ இருந்த இடத்திலேயே பொருத்தலாம். சொந்த உறுப்பைத் தக்கவைப்பதால் முதலில் இதையே யோசிக்க வேண்டும். ஆனால் பல மாதம் ஆடிய துண்டு பெரும்பாலும் நொறுங்கியிருக்கும்.

பள்ளம் சிறியதாக இருந்தால், சில்லுகளை எடுத்து, பள்ளத்தைச் சுத்தம் செய்து, அடி எலும்பில் நுண்ணிய துளைகள் இடுவார்கள். மைக்ரோ ஃபிராக்சர் என்று பெயர். எலும்பு மஜ்ஜையிலிருந்து கசிந்து வரும் ரத்தம் அங்கே உறைந்து, மெதுவாக ஒரு புதுப் பூச்சாக மாறும். சிறு துளை வழியே கேமராவை மூட்டுக்குள் செலுத்திப் பார்த்துச் செய்யும் ஆர்த்ராஸ்கோப்பி மூலமாகவே செய்துவிடலாம். குறை என்னவென்றால், அப்படி வளர்வது அசல் குருத்தெலும்பு அல்ல. நார்த்தன்மை கொண்ட மாற்று. அன்றாட வேலைக்குத் தாங்கும். கைகளால் நிற்கிற பிள்ளைக்கு, அதுவும் 10 மில்லிமீட்டரைத் தாண்டிய பள்ளத்துக்கு, அதை நம்பி நான் அனுப்பமாட்டேன். பள்ளம் உருண்டையின் வெளி விளிம்பைத் தின்றிருந்தால் நிச்சயமாக அனுப்பமாட்டேன். விளிம்பு போன பள்ளத்தில் அந்தப் பூச்சுக்குப் பிடிமானம் இருக்காது.

உங்கள் டாக்டர் சொல்வது மூன்றாவது வகை. முழங்காலில் சுமை விழாத ஓரத்திலிருந்து, அடி எலும்போடு சேர்ந்த குருத்தெலும்பை ஒரு சிறு உருளையாக வெட்டி எடுத்து, முழங்கைப் பள்ளத்தில் அதே அளவுக்குத் துளையிட்டு, மட்டம் பார்த்து இறுக்கிப் பொருத்துவது. உருளையின் குறுக்களவு 6 முதல் 9 மில்லிமீட்டர் வரை இருக்கும். பள்ளத்தின் அளவைப் பொறுத்து ஒன்றோ இரண்டோ தேவைப்படும். 1990-களின் தொடக்கத்தில் ஹங்கேரியின் லாஸ்லோ ஹாங்கோடி முழங்காலுக்காக மொசைக் பிளாஸ்டி என்ற பெயரில் வளர்த்த முறை இது. எலும்போடு எலும்பு ஒட்டிக்கொள்ளும். மேலே இருப்பது அசல் குருத்தெலும்பு. இதில் முழுத் திறமையும் மட்டம் பார்ப்பதில்தான் இருக்கிறது. தரையில் ஓடு பதிக்கிறவர் ஒரு ஓட்டைக் கொஞ்சம் தூக்கலாக வைத்துவிட்டால் போகிற வருகிற கால் எல்லாம் அதில்தானே இடறும்? அதேபோல, உருளை தூக்கலாக நின்றால் ரேடியஸின் கிண்ணம் ஒவ்வொரு சுழற்சியிலும் அதில் உராயும்.

முழங்காலைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. அந்தப் பயத்தை உங்கள் டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். எடுத்த இடம் எலும்பாலும் நார்ப்பூச்சாலும் தானாகத் தூர்ந்துவிடும். முதல் சில நாட்கள் கைத்தாங்கலாக நடக்க வேண்டியிருக்கும். படி ஏறும்போது சில வாரங்கள் வலிக்கும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது மறைந்துவிடுகிறது. சிலருக்கு மட்டும் குந்தி எழும்போது நோவு நீடிப்பது உண்டு. அதை மறைத்து உங்களைச் சம்மதிக்க வைக்க நான் விரும்பவில்லை. அவளுக்கு முழங்காலின் வளர்ச்சித் தட்டு இன்னும் திறந்திருக்கலாம். உருளை எடுக்கும் இடம் அதிலிருந்து விலகி இருக்குமா என்று கேளுங்கள். ஒதுக்கமான ஓர் ஓரத்தைக் கொடுத்து, சுமை தாங்கும் நடு இடத்தை மீட்கிறோம். இந்தப் பண்டமாற்று நியாயமானது என்பதே என் முடிவு.

அறுவை சிகிச்சைக்கே உரிய ஆபத்துகளையும் சொல்ல வேண்டும். முழங்கையைச் சுற்றி மூன்று பெரிய நரம்புகள் ஒட்டியபடி ஓடுகின்றன. இடித்துக்கொண்டால் விரல்வரை மின்னதிர்ச்சி போல ஏறுகிறதே, அது அவற்றில் ஒன்று. எனவே முழங்கை ஆர்த்ராஸ்கோப்பியில் பழக்கமுள்ள கையாக இருக்க வேண்டும். முழங்காலில் ஆயிரம் செய்தவர் என்பது மட்டும் போதாது. "முழங்கையில் இந்தச் சிகிச்சையை நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?" என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. நல்ல டாக்டர் அதற்குக் கோபப்படமாட்டார்.

ஊசி விஷயம். சொந்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்துப் போடும் பி.ஆர்.பி. ஊசி, கழன்ற துண்டை ஒட்டவைக்கும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. ஸ்டீராய்டு ஊசியை இந்த வயதில் இந்த மூட்டுக்குள் போட வேண்டாம். ஸ்டெம் செல் என்று யாராவது லட்சங்களில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, சில ரத்த நோய்களுக்கான மாற்று சிகிச்சையைத் தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகளை, அனுமதி பெற்ற ஆய்வுக்குள் அல்லாமல் செய்யக் கூடாது. ஆய்வில் சேர்ப்பவர்கள் அதற்குப் பணம் கேட்கமாட்டார்கள்.

ஆட்டுக்கால் சூப் நல்ல உணவு. மாமியார் அன்போடு கொடுப்பதைத் தடுக்காதீர்கள். வயிற்றில் செரித்துப் போகிற அது முழங்கைக்குப் போய்க் குருத்தெலும்பாக உட்காராது என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

உருவிவிடுவதைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். இனி ஒருபோதும் வேண்டாம்; அறுவை சிகிச்சைக்கு முன்னும் வேண்டாம், பின்னும் வேண்டாம். நீளாத கையை அழுத்தி நீட்டினால், ஆடுகிற துண்டு பெயர்ந்துவிடும். அதோடு, வலுவாக இழுத்துப் பிடிக்கப்படும் முழங்கையில் தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து, மூட்டு நிரந்தரமாக இறுகிப்போவது உண்டு. உடம்பிலுள்ள மூட்டுகளில் முழங்கையைப் போல எளிதில் விறைத்துப்போவது வேறில்லை. எங்களிடம் வரும் விறைத்த முழங்கைகளில் பல, நல்ல எண்ணத்தோடு யாரோ இழுத்து நீட்டியவை.

சிகிச்சைக்குப் பிறகு முதல் ஒன்றிரண்டு வாரம் கை ஓய்வில் இருக்கும். ஆனாலும் பிசியோதெரபிஸ்ட் சொல்லும் சிறு அசைவுகளைச் சீக்கிரமே தொடங்கிவிட வேண்டும், அவளாகவே, வலிக்கும் எல்லைக்குள். ஆறு வாரம்வரை பளு தூக்கக் கூடாது. சாப்பிடுவதும் எழுதுவதும் அதற்குள் வந்துவிடும். அன்றாட வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு முழங்கை 30 டிகிரியிலிருந்து 130 டிகிரிவரை மடங்கினால் போதும் என்று 1981-இல் அளந்து சொல்லியிருக்கிறார்கள். பின்னால் கையைக் கொண்டுபோய்ச் சடை பின்னுவதற்கு இன்னும் கொஞ்சம் தேவைப்படலாம். அந்தச் சில மாதங்களுக்கு நீங்கள் பின்னிவிடுங்கள். மூன்று மாதத்தில் தசையை வலுப்படுத்தும் பயிற்சி. பதித்த எலும்பு ஒட்டிவிட்டது என்று படத்தில் உறுதியான பிறகே, ஐந்து ஆறு மாத அளவில், கையை ஊன்றும் பயிற்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்கலாம். முழு ஆட்டத்துக்கு அதற்கும் மேல் ஆகும்.

திரும்பி ஆடுவாளா? இந்தச் சிகிச்சைக்குப் பிறகு விளையாட்டுக்குத் திரும்புகிற பிள்ளைகள்தான் அதிகம். ஆனால் பந்து எறிகிறவர்களைவிட ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளைகளுக்கு அது கடினம், ஏனென்றால் அவர்களுடைய கை, சுமையிலிருந்து விடுபடுவதே இல்லை. பழைய உச்சத்தைத் தொடுவாள் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. வலியில்லாத, நன்றாக மடங்கி நீளும் கை அவளுக்குக் கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று சொல்ல முடியும். கடைசிச் சில டிகிரி நீளாமல் நிற்கலாம். அது ஆட்டத்தில் தெரியும், வாழ்க்கையில் தெரியாது. இதை அவளிடமும் சொல்லுங்கள். 13 வயதுப் பிள்ளைக்குத் தன் கையைப் பற்றிய உண்மையைக் கேட்கிற உரிமை இருக்கிறது. மறைத்துவைத்து, ஆறு மாதம் கழித்து அவளாகவே கண்டுபிடிப்பது இதைவிடக் கொடுமை.

நீங்கள்தான் காரணமா என்று கேட்டீர்கள். இல்லை. அவளோடு ஒரே விரிப்பில் பழகிய மற்றப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இது வரவில்லை. யாருக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்ல எங்களுக்கே வழி தெரியாது. ஆறு ஆண்டுகள் ஒரு பிள்ளை ஆசையோடு கற்ற வித்தையை அவளுக்குக் கொடுத்தது தவறாகாது. என் வருத்தம் வேறிடத்தில் இருக்கிறது. வலியைச் சொல்கிற பிள்ளையைச் சோம்பேறி என்றும், தாங்கிக்கொள்கிறவளை வீராங்கனை என்றும் பேசுகிற பயிற்சிக் கூடங்கள் இருக்கின்றன. அவள் பயிற்சியாளரிடம் எப்போது முதன்முதலில் வலியைச் சொன்னாள், அவர் என்ன சொன்னார் என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். திரும்பிப் போகும்போது எந்தக் கூடத்துக்குப் போவது என்பதை அந்தப் பதிலை வைத்து முடிவு செய்யுங்கள்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அறிக்கையை மட்டும் கொண்டுபோகாமல், எம்.ஆர்.ஐ. படங்கள் உள்ள சி.டி.யையும் எடுத்துப் போங்கள். துண்டையே பொருத்த முடியுமா, வெளி விளிம்பு நன்றாக இருக்கிறதா, எத்தனை உருளை தேவைப்படும் என்று கேளுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், தேதி குறிப்பதற்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் காட்டி, இந்தச் சிகிச்சை அதில் அடங்குமா என்று விசாரித்துவிடுங்கள். இரண்டாவது கருத்து கேட்க விரும்பினால் தயங்காமல் கேளுங்கள். அதற்கு இரண்டு வாரம் ஆவதால் கேடு ஒன்றும் வராது. அதுவரை அவள் தலைகீழாக நிற்க வேண்டாம், தண்டால் எடுக்க வேண்டாம். கை சிக்கிக்கொண்டால் இழுக்காமல், தானாக விடுபடும்வரை மெல்ல ஆட்டினால் போதும். புத்தகப் பையை இடது தோளில் மாட்டிக்கொள்ளட்டும்.